இன்டெல் சொன்ன ஒரு ‘வேண்டாம்’: கம்ப்யூட்டர் சிப் ராஜா செல்போனில் சறுக்கியது ஏன்?

அமெரிக்கப் பங்குச்சந்தையின் டவ் ஜோன்ஸ் பட்டியலில் 30 பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே இடம். 1999 முதல் அதில் இருந்த இன்டெல், 2024 நவம்பரில் நீக்கப்பட்டது. அதன் நாற்காலியில் என்விடியா வந்து உட்கார்ந்தது. அந்த ஆண்டுக் கணக்கை முடித்தபோது இன்டெலின் நிகர நஷ்டம் சுமார் 1,880 கோடி டாலர்!

ஒரு காலத்தில் ‘இன்டெல் இன்சைட்’ ஸ்டிக்கர் இல்லாத கம்ப்யூட்டரை வாங்கவே நம்மில் பலர் யோசித்தோம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட கடையில் போய் ‘பென்டியம் தானே?’ என்று கேட்ட காலம் அது. இப்போது உங்கள் கையில் இருக்கும் செல்போனை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் குவால்காம், மீடியாடெக், சாம்சங், ஆப்பிள் என ஏதோ ஒரு நிறுவனத்தின் பிராசஸர் இருக்கும். இன்டெல் இருக்காது.

ஏஐ அலையில் என்விடியா முந்திவிட்டது, அதனால்தான் இன்டெல் சரிந்தது என்று பலரும் சொல்கிறார்கள். அது கடைசி அத்தியாயம். கதை தொடங்குவது செல்போனில்.

இன்டெல் ராஜாவானது எப்படி?

ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் இருவரும் 1968-ல் தொடங்கிய நிறுவனம் இன்டெல். ஆரம்பத்தில் அது முக்கியமாக விற்றது மெமரி சிப்களை. 1971-ல் வந்த 4004 என்ற சிப்தான் கடையில் வாங்கக்கூடிய முதல் மைக்ரோபிராசஸர். கால்குலேட்டர் செய்யும் ஒரு ஜப்பானிய நிறுவனத்துக்காக உருவானது அது.

உண்மையான திருப்பம் 1981-ல் வந்தது. ஐபிஎம் தன்னுடைய பெர்சனல் கம்ப்யூட்டருக்கு இன்டெலின் 8088 சிப்பைத் தேர்ந்தெடுத்தது. அந்தச் சிப்புக்குப் புரியும் கட்டளை மொழிதான் ‘எக்ஸ்86’. ஐபிஎம்மைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் அதேபோல கம்ப்யூட்டர் செய்தன. அவற்றுக்காக மென்பொருள்கள் எழுதப்பட்டன. பிறகு விண்டோஸ் வந்தது. மென்பொருள் எல்லாம் எக்ஸ்86-ல் இருப்பதால் மக்கள் எக்ஸ்86 கம்ப்யூட்டரை வாங்கினார்கள். மக்கள் அதை வாங்குவதால் மென்பொருள் எழுதுபவர்களும் அதற்கே எழுதினார்கள். இந்தச் சுழற்சியை உடைக்க யாராலும் முடியவில்லை. எக்ஸ்86 சிப் செய்யும் உரிமை இன்டெலைத் தவிர ஏஎம்டி போன்ற வெகு சிலரிடம் மட்டுமே இருந்தது.

போட்டி குறைவு என்றால் விலையை யார் தீர்மானிப்பார்கள்? இன்டெல்தான். 100 டாலருக்கு விற்றால், தயாரிப்புச் செலவு போக 60 டாலர் அளவுக்குக் கையில் நின்ற காலங்கள் உண்டு. அந்தப் பணம் புதிய தொழிற்சாலைகளுக்குப் போனது. அதனால் மற்றவர்களைவிட ஒரு தலைமுறை முன்னே நிற்கும் சிப்களை இன்டெல் செய்தது. அவை மேலும் லாபம் கொடுத்தன. இந்தச் சக்கரம் 30 ஆண்டுகள் ஓடியது.

ஆர்ம்... அது என்ன?

1985 அக்டோபரில் இன்டெல் தன்னுடைய 386 சிப்பை அறிமுகப்படுத்தியது. அதில் 2,75,000 டிரான்சிஸ்டர்கள். அதே ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற சிறிய கம்ப்யூட்டர் நிறுவனத்தின் கைக்கு ஒரு சிப் வந்து சேர்ந்தது. சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற இரண்டு பொறியாளர்கள் வடிவமைத்த அந்தச் சிப்பில் இருந்தவை சுமார் 25,000 டிரான்சிஸ்டர்கள்தான். பெயர், ஆர்ம்1.

அதை முதன்முதலில் சோதித்தபோது நடந்ததைச் சிப் துறையில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். சிப் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று ஃபர்பர் அளந்து பார்க்கிறார். மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. ஆனால், சிப் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கிறது! பிறகுதான் தெரிந்தது, சிப்புக்கு மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை. மற்ற கம்பிகள் வழியாகக் கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது ஓடியிருக்கிறது.

அவர்கள் செல்போனை மனதில் வைத்து இதைச் செய்யவில்லை. சிப்பை விலை குறைந்த பிளாஸ்டிக் உறையில் அடைக்க வேண்டும். சூடானால் உறை தாங்காது. அதனால் ஒரு வாட்டுக்குள் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. ஆனால், பேட்டரியில் ஓடும் கருவிகள் வந்தபோது அந்தச் சிக்கனமே பெரிய சொத்தாகிவிட்டது.

1990-ல் ஏகார்ன், ஆப்பிள், விஎல்எஸ்ஐ ஆகிய மூன்றும் சேர்ந்து ஆர்ம் என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கின. அதன் வியாபார முறையும் இன்டெலுக்கு நேர் எதிர். ஆர்ம் சொந்தமாகத் தொழிற்சாலை வைத்துக்கொள்ளவில்லை. வடிவமைப்பை மட்டும் விற்றது. வாங்கும் நிறுவனம் முதலில் உரிமக் கட்டணம் கட்டும். பிறகு விற்கும் ஒவ்வொரு சிப்புக்கும் சிறு தொகையை ராயல்டியாகக் கொடுக்கும். வீட்டு பிளானை வாங்கிக்கொண்டு, நமக்குத் தேவையான மாதிரி அறைகளைச் சேர்த்துக் கட்டிக்கொள்வது போலத்தான். நோக்கியா 6110 காலத்திலிருந்தே செல்போன்களுக்குள் ஆர்ம் புகுந்துவிட்டது.

எக்ஸ்86 என்றாலே மின்சாரத்தைக் குடிக்குமா?

அப்படி ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. எக்ஸ்86 கட்டளைகள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு பைட்டிலிருந்து 15 பைட் வரை நீளும். ஒரு கட்டளை எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பதற்கே சிப்பில் தனி வேலை நடக்க வேண்டும். ஆர்ம் கட்டளைகள் அடிப்படையில் நான்கு பைட் என்று சீராக இருப்பதால் அந்த வேலை சுலபம்.

ஆனால், இதைவிடப் பெரிய வித்தியாசம் வடிவமைப்பின் நோக்கத்தில் இருக்கிறது. மேசைக் கம்ப்யூட்டரின் சிப் 65 வாட், 100 வாட் எடுக்கலாம். மேலே ஒரு ஃபேன் வைத்துவிட்டால் போதும். செல்போன் சிப்புக்குக் கிடைப்பது சில வாட்கள்தான், ஃபேனும் கிடையாது. லாரி இன்ஜின் செய்து பழகியவர்களிடம் மொபெட் இன்ஜின் கேட்டால், சின்ன லாரி இன்ஜின்தான் கிடைக்கும். இன்டெல் விஷயத்தில் முதலில் நடந்தது அதுதான்.

கையில் இருந்ததை விற்ற கதை

‘இன்டெலுக்கு செல்போன் வரப்போவது தெரியவில்லை’ என்று சொல்ல முடியாது. ஏன்னா, இன்டெல் கையிலேயே ஒரு ஆர்ம் சிப் இருந்தது!

டிஜிட்டல் எக்யூப்மென்ட் என்ற நிறுவனத்துடன் நடந்த காப்புரிமை வழக்கு 1997-ல் சமரசத்தில் முடிந்தபோது, அந்த நிறுவனத்தின் ‘ஸ்ட்ராங்ஆர்ம்’ சிப் இன்டெலுக்கு வந்தது. அதை வளர்த்து ‘எக்ஸ்ஸ்கேல்’ என்ற பெயரில் விற்றது. பாம் கருவிகள், சில பிளாக்பெர்ரி போன்கள் ஆகியவற்றுக்குள் இருந்தது அந்தச் சிப்தான்.

2006 ஜூனில் இந்தப் பிரிவை 60 கோடி டாலருக்கு மார்வெல் நிறுவனத்துக்கு இன்டெல் விற்றுவிட்டது. லாபம் பெரிதாக இல்லை, எக்ஸ்86-லேயே எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம் என்பதுதான் எண்ணம். சுமார் ஆறரை மாதம் கழித்து, 2007 ஜனவரி 9 அன்று, ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி ஐபோனைக் காட்டினார்.

ஐபோன் வாய்ப்பு வந்ததா?

வந்தது. அப்போது இன்டெலின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த பால் ஓடெலினியே 2013-ல் பதவி விலகும் நேரத்தில் இதை ஒரு பேட்டியில் சொன்னார். ஐபோனுக்கு சிப் செய்து தரும்படி ஆப்பிள் கேட்டது. ஒரு விலையையும் சொன்னது. அதற்கு மேல் ஒரு காசுகூடத் தர முடியாது என்றது. இன்டெல் போட்டுப்பார்த்த கணக்குப்படி, தயாரிப்புச் செலவே அந்த விலையைத் தாண்டியது. அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு பார்த்தால், செலவைப் பற்றிய கணிப்பு தவறு. விற்பனை எண்ணிக்கையோ யாரும் நினைத்ததைவிட 100 மடங்கு. மனசு சரி என்று சொன்னதாகவும், கணக்கைப் பார்த்து மறுத்ததாகவும் ஓடெலினி வருத்தப்பட்டார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், ஓடெலினி சோம்பேறியும் இல்லை, விஷயம் தெரியாதவரும் இல்லை. ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர்களை இன்டெல் சிப்புக்கு மாற வைத்தது அவருடைய காலத்தில்தான். அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அந்த முடிவையே எடுத்திருக்கலாம். எப்படி?

ஒரு ஜவுளிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் இருப்பது ஒரே ஒரு ரேக். அதில் பட்டுப்புடவை அடுக்கினால் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் லாபம். கைக்குட்டை அடுக்கினால் ஒன்றுக்கு ஐந்து ரூபாய். எந்தக் கடைக்காரர் பட்டை எடுத்துவிட்டுக் கைக்குட்டையை அடுக்குவார்? இன்டெல் தொழிற்சாலையின் நிலையும் இதுதான். அங்கே ஓடும் ஒவ்வொரு சிலிக்கான் தட்டிலும், நூற்றுக்கணக்கான டாலருக்கு விலைபோகும் கம்ப்யூட்டர், சர்வர் சிப்கள் செய்யலாம். அல்லது சில பத்து டாலருக்குள் விற்கும் போன் சிப்கள் செய்யலாம். ஒவ்வொரு முறை கணக்குப் போடும்போதும், ‘போன் வேண்டாம்’ என்பதே சரியான விடையாக வந்தது.

இப்படி ஒரு பொறி இருக்கிறது என்று இன்டெலுக்கு முன்பே தெரியும். ஹார்வர்டு பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் இதைப் பற்றித்தான் ஆய்வு செய்தார். பெரிய நிறுவனங்கள் அதிக லாபம் தரும் வாடிக்கையாளர்களையே கவனித்துக்கொண்டிருக்கும். கீழேயிருந்து மலிவான பொருளோடு வருபவர் மெல்ல மேலேறி அவர்களையே விழுங்கிவிடுவார் என்றார். இன்டெலின் தலைவர் ஆண்டி குரோவ் அவரை அழைத்துப் பேச வைத்தார். அதன் விளைவாக 1998-ல் வந்ததுதான் விலை குறைந்த ‘செலரான்’ சிப். கம்ப்யூட்டருக்குள் அந்தப் பாடத்தைக் கற்ற நிறுவனம், கம்ப்யூட்டருக்கு வெளியே அதைச் செய்யவில்லை.

அதே இன்டெல் 1985-ல் தன்னுடைய தாய்த் தொழிலான மெமரி சிப்பையே கைவிட்டு பிராசஸருக்கு மாறியது. அப்போது முடிந்தது, இப்போது ஏன் முடியவில்லை? அப்போது ஜப்பான் போட்டியில் மெமரி நஷ்டத்தில் ஓடியது. 2006-ல் எக்ஸ்86 பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. நஷ்டம் வரும்போது மாறுவது சுலபம். லாபம் வரும்போது மாறுவதுதான் கஷ்டம்.

திரும்பி வர முயற்சி செய்யவே இல்லையா?

செய்தது. காசைக் கொட்டியும் செய்தது. 2008-ல் ‘ஆட்டம்’ என்ற சிறிய எக்ஸ்86 சிப் வந்தது. அது நெட்புக் எனப்படும் குட்டி லேப்டாப்களில் ஓடியதே தவிர, போனுக்கு ஏற்றதாக மாற நான்கு ஆண்டுகள் பிடித்தன.

இன்டெல் சிப்புடன் உலகில் முதலில் விற்பனைக்கு வந்த ஸ்மார்ட்போன் எங்கே அறிமுகமானது தெரியுமா? இந்தியாவில்தான். 2012 ஏப்ரலில் லாவா நிறுவனத்தின் ‘ஸோலோ எக்ஸ்900’ சுமார் 22,000 ரூபாய் விலையில் வந்தது. வேகம் மோசமில்லை, பேட்டரியும் தாக்குப்பிடித்தது. ஆனால், மூன்று சிக்கல்கள் இருந்தன.

முதலாவது, ஆப்கள். ஆண்ட்ராய்டில் பல கேம்களும் ஆப்களும் ஆர்ம் சிப்பை நினைத்தே எழுதப்பட்டிருந்தன. இன்டெல் அவற்றை உள்ளுக்குள்ளேயே மொழிபெயர்த்து ஓட்ட வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரில் இன்டெலைக் காப்பாற்றிய அதே மென்பொருள் சுழற்சி, போனில் அதற்கு எதிராகத் திரும்பியது.

இரண்டாவது, மோடம். குவால்காம் பிராசஸரையும், டவருடன் பேசும் மோடத்தையும் ஒரே சிப்பில் வைத்துக் கொடுத்தது. போன் செய்பவர்களுக்கு இடமும் மிச்சம், செலவும் மிச்சம். இன்டெல் இதற்காக இன்ஃபினியானின் வயர்லெஸ் பிரிவை 140 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால், அந்த மோடங்கள் தைவானின் டிஎஸ்எம்சி தொழிற்சாலையில் தயாரானவை. இன்டெலின் சொந்தத் தொழிற்சாலையில் இரண்டையும் ஒன்றாக்குவது இழுத்துக்கொண்டே போனது.

மூன்றாவது, விலை. 2014-ல் நான்கு கோடி டேப்லெட்களில் எப்படியாவது தன் சிப்பை ஏற்றிவிட வேண்டும் என்று, டேப்லெட் செய்பவர்களுக்கு இன்டெலே பணம் கொடுத்தது. எண்ணிக்கையில் இலக்கு தாண்டியது. ஆனால் அந்த ஆண்டு மொபைல் பிரிவின் வருமானம் சுமார் 20 கோடி டாலர். நஷ்டம் 420 கோடி டாலர். அதற்கு முந்தைய ஆண்டையும் சேர்த்தால் 700 கோடி டாலருக்கு மேல் போனது.

2016 ஏப்ரலில் 12,000 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக இன்டெல் அறிவித்தது. அடுத்த சில நாட்களில், போனுக்காகத் தயாராகிக்கொண்டிருந்த சிப்களும் கைவிடப்பட்டன. மிச்சமிருந்த போன் மோடம் பிரிவும் 2019-ல் 100 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. வாங்கியது யார்? ஆப்பிள்!

போன் போனால் போகட்டும், கம்ப்யூட்டர் இருக்கிறதே?

இன்டெலும் அப்படித்தான் நினைத்தது. அங்கேதான் அடி விழுந்தது.

சிப் தொழிலில் எண்ணிக்கை மிக முக்கியம். இன்று ஒரு நவீன சிப் தொழிற்சாலை கட்ட 1,000 கோடி டாலருக்கு மேல் ஆகும். அந்தச் செலவை எத்தனை சிப்கள் மீது பிரித்துப் போட முடிகிறது என்பதே கேள்வி. இன்னொன்று, தொழிற்சாலை செய்து செய்துதான் கற்றுக்கொள்ளும். அதிகம் தயாரிப்பவர் பிழைகளைச் சீக்கிரம் கண்டுபிடித்துத் திருத்துவார். 2015-ல் உலகில் விற்ற ஸ்மார்ட்போன்கள் சுமார் 140 கோடி. கம்ப்யூட்டர்கள் 30 கோடிக்கும் குறைவு. இன்டெல் விட்டுவிட்ட போன் சிப்களில் பெரும்பகுதியைச் செய்துகொண்டிருந்தது டிஎஸ்எம்சி. மோரிஸ் சாங் 1987-ல் தொடங்கிய அந்த நிறுவனம் சொந்தப் பெயரில் ஒரு சிப்பும் விற்காது. மற்றவர்களுக்குச் செய்துதருவது மட்டுமே வேலை. 2014 முதல் ஐபோனின் பிராசஸரும் அங்கே போனது. ஆப்பிளின் பணமும், ஆண்டுதோறும் புது ஐபோன் என்ற கெடுவும் டிஎஸ்எம்சியை ஓட ஓட விரட்டின.

அதே நேரத்தில் இன்டெலின் 10 நானோமீட்டர் தொழில்நுட்பம் சிக்கிக்கொண்டது. 2016 வாக்கில் வர வேண்டியது, பெருமளவு உற்பத்திக்கு வர 2019 ஆனது. இதற்கு செல்போன் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஒரே தாவலில் அதிகமாகச் சாதிக்க நினைத்த பொறியியல் முடிவுகளும் காரணம். ஆனால், இன்டெல் தடுமாறி நின்ற அந்த நேரத்தில் முந்திச் செல்ல ஒருவர் தயாராக இருந்தார் என்றால், அவரைத் தயார்செய்தது செல்போன் பணம்தான்.

2020 நவம்பரில் விளைவு தெரிந்தது. ஆப்பிள் தன்னுடைய மேக் கம்ப்யூட்டரிலிருந்து இன்டெலை எடுத்துவிட்டு, சொந்தமாக வடிவமைத்த எம்1 சிப்பை வைத்தது. ஐபோன் சிப்பின் வாரிசான அதைச் செய்ததும் டிஎஸ்எம்சிதான். எம்1 வைத்த மேக்புக் ஏர் லேப்டாப்பில் ஃபேனே கிடையாது. வேகமோ முந்தைய இன்டெல் மாடலைவிட அதிகம். அதற்கு முன்பே, 2018-ல், அமேசான் தன் கிளவுட் சர்வர்களுக்காக ‘கிராவிட்டான்’ என்ற ஆர்ம் சிப்பைக் கொண்டுவந்திருந்தது. போனில் தொடங்கிய ஆர்ம், லேப்டாப்பையும் இன்டெலின் கருவூலமான சர்வரையும் தொட்டுவிட்டது.

இப்போது நிலைமை என்ன?

2021-ல் தலைமைக்கு வந்த பேட் கெல்சிங்கர் ஒரு பெரிய திருப்பத்தை முயன்றார். டிஎஸ்எம்சி போல மற்றவர்களுக்கும் சிப் செய்துதருவது என்பது அவருடைய திட்டம். 2023-ல் ஆர்ம் நிறுவனத்துடனேயே ஒப்பந்தம் போட்டார். ஆர்ம் வடிவமைப்பு கொண்ட போன் சிப்களையும் இன்டெல் தொழிற்சாலையில் செய்யலாம் என்பதே அதன் சாரம். பெரிய வாடிக்கையாளர்கள் எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை. 2024 டிசம்பரில் அவர் வெளியேறினார். 2025 மார்ச்சில் லிப்-பு டான் பொறுப்பேற்றார். 2024-ல் வந்த இன்டெலின் ஒரு லேப்டாப் சிப்பின் முக்கியப் பகுதியை டிஎஸ்எம்சியிடம் கொடுத்துச் செய்ய வேண்டிய நிலையும் வந்தது. பரம வைரிகளான இன்டெலும் ஏஎம்டியும் எக்ஸ்86-ஐக் காப்பாற்ற அதே ஆண்டு அக்டோபரில் கைகோத்தன.

2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசே இன்டெலில் சுமார் 10 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. தனியார் நிறுவனத்தில் அரசுக்கு என்ன வேலை? மிக நுண்ணிய சிப்களைச் செய்யும் திறன் உலகில் டிஎஸ்எம்சி, சாம்சங், இன்டெல் ஆகிய மூன்றிடம் மட்டுமே இருக்கிறது. அதில் அமெரிக்க நிறுவனம் இன்டெல் ஒன்றுதான். தைவானைச் சுற்றிப் பதற்றம் கூடினால் போன் முதல் ராணுவக் கருவி வரை எல்லாமே நிற்கும் என்ற பயம்தான் காரணம். அடுத்த மாதமே என்விடியாவும் 500 கோடி டாலர் முதலீடு செய்வதாக அறிவித்தது.

லேப்டாப் வாங்கப் போகிறேன், எனக்கு என்ன?

இன்டெல் முடிந்துபோன நிறுவனம் இல்லை. விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை இன்னும் எக்ஸ்86-ல்தான் ஓடுகின்றன. ஆனால், 2024 முதல் குவால்காமின் ஆர்ம் சிப் வைத்த விண்டோஸ் லேப்டாப்களும் கடைகளில் அதிகம் தென்படுகின்றன. பேட்டரி நீண்ட நேரம் வர வேண்டும், பிரவுசர், வீடியோ, ஆபீஸ் வேலை போதும் என்றால் அவற்றையும் பார்க்கலாம். கடையில் பழைய பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன், பழைய கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள், அவை ஆர்ம் விண்டோஸில் ஓடுமா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. டிரைவர் இல்லையென்றால் அவை ஓடாது.

இப்படி ஒரு தேர்வு நமக்கு இருப்பதே போட்டியால் வந்த நன்மை. ஆர்ம் நெருக்கியதால்தான் இன்டெலும் பேட்டரியைச் சேமிக்கும் சிப்களைச் செய்ய ஆரம்பித்தது. அதனால், இன்டெல் பிழைத்து நிற்பது அதன் பங்குதாரர்களுக்கு மட்டுமல்ல, நமக்கும் நல்லதுதான். சிப் செய்யத் தெரிந்த மூவர் இருவராகக் குறைந்தால், அடுத்த போனின் விலையை நிர்ணயிப்பது அந்த இருவர்தான். ஒருவரிடம் மட்டும் கடிவாளம் இருந்தால் விலை எப்படி இருக்கும் என்பதற்கு, அந்தக் காலத்து இன்டெலே உதாரணம்.